உங்களுக்குத் தெரியுமா? காடு குலத்தின் பெயரில், கையெழுத்து யாருடையது?

● நம் ஊரில் காடு என்றால் வனத்துறை. பப்புவா நியூ கினியில் காடு என்றால் பங்காளி சொத்து. அந்நாட்டு நிலத்தில் சுமார் 97 சதவீதம் குலங்களுக்கும் கிராமங்களுக்கும் சொந்தம் என்று அரசாங்கமே நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. யாரும் கொடுத்த மானியம் இல்லை, பட்டாவும் இல்லை. பாட்டன் பூட்டன் காலத்து உரிமை. 1975-இல் சுதந்திரம் வந்தபோது சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. எனவே அங்கே காட்டுக்குள் வசிப்பவரை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல முடியாது. அரசுதான் அவரிடம் இடம் கேட்டு நிற்க வேண்டும். உலகில் மழைக்காட்டுப் பழங்குடிகளுக்கு இவ்வளவு வலுவான நில உரிமை வேறெங்கும் கிடையாது என்றே சொல்லலாம். அப்படியும் காடு பறிபோகிறது. எப்படி என்பதுதான் இந்த வாரத் துணுக்குகள்.

● இந்தக் குல நிலத்தை வெளியாருக்கு விற்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் யாரும் விலைக்குக் கேட்பதும் இல்லை. குத்தகைக்குத்தான் கேட்பார்கள்.

● அந்தக் குத்தகையின் சூட்சுமம் இது. குலம் தன் நிலத்தை அரசுக்குக் குத்தகைக்குத் தருகிறது. அரசு அதே நிலத்தை அதே குலத்துக்கோ, குலம் 'ஒப்புக்கொண்ட' வேறு ஒருவருக்கோ திருப்பிக் குத்தகைக்கு விடுகிறது. 1979-இல் இந்த ஏற்பாடு வந்தபோது நோக்கம் நல்லதுதான். குல நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் வங்கி கடன் தராது. அரசு கைப்பட்ட குத்தகைக் காகிதம் ஒன்று இருந்தால் காப்பித் தோட்டம் போட நினைக்கும் குடும்பத்துக்கு நாலு காசு கடன் கிடைக்குமே என்று யோசித்தார்கள். பிற்பாடு சிறப்பு வேளாண்மை, வணிகக் குத்தகை என்று பெயர் பெற்ற இதைச் சுருக்கமாக எஸ்.ஏ.பி.எல். என்பார்கள். 99 ஆண்டு வரை செல்லும். குத்தகை நடக்கும் வரை குலத்தின் வழக்க உரிமைகள் நிறுத்திவைக்கப்படும். பேரன் பேத்தி எடுத்து, அவர்களும் கிழமாகும் காலம் அது.

● 2003-க்கும் 2011-க்கும் இடையில் இந்த வாசல் வழியாகப் போன நிலம் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நாட்டின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். தமிழ்நாட்டின் அளவை வைத்துப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு! காப்பித் தோட்டத்துக்காகத் திறந்த வாசலில் லாரியே நுழைந்துவிட்டது.

● இந்தக் குத்தகைகளுள் ஒரு தொகுப்பு மட்டுமே சுமார் 20 லட்சம் ஹெக்டேர். மேற்கு மாகாணத்தில் ஒரு நெடுஞ்சாலை போட்டுத் தருகிறோம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சாலைக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

● வேளாண்மைக் குத்தகையில் மரம் வெட்டுகிறவனுக்கு என்ன வேலை? இருக்கிறது. சாதாரண மரவெட்டு உரிமம் வாங்க வேண்டுமானால் நெடிய நடைமுறை. எந்த மரத்தை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று கட்டுப்பாடுகள். 'தோட்டம் போடப் போகிறேன், காட்டைத் துப்புரவாக அகற்ற வேண்டும்' என்றால் அதற்கு வேறு அனுமதி. அது கிடைத்துவிட்டால் மொத்தமாக வெட்டலாம். வெட்டிய மரம் கப்பலேறிய பிறகு எண்ணெய்ப்பனைக் கன்று நடப்பட்டதா என்று போய்ப் பார்த்தவர்கள், பல இடங்களில் புதரைத்தான் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் அந்நாடு ஏற்றுமதி செய்த மரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த 'வேளாண்மை'யின் விளைச்சல்.

● 2011 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகரில் கூடிய விஞ்ஞானிகளும் சட்ட வல்லுநர்களும் இந்தக் குத்தகைகளைப் பற்றி எச்சரிக்கை அறிக்கை ஒன்று வெளியிட்டார்கள். இரண்டே மாதத்தில் பப்புவா நியூ கினி அரசு புதிய குத்தகைகளை நிறுத்திவைத்து விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையர்கள் மூவர்; அறிக்கை கொடுத்தவர்கள் இருவர். மூன்றாமவர் பங்குக்கு வந்த குத்தகைகளைப் பற்றிய அறிக்கை வரவேயில்லை. 2013-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பகுதியில் 42 குத்தகைகள் ஆராயப்பட்டிருந்தன. நில உடைமையாளர்களின் உண்மையான சம்மதமும், நடக்கக்கூடிய வேளாண்மைத் திட்டமும் இருந்தவை எத்தனை தெரியுமா? நான்கு. மற்றவற்றில் போலிக் கையெழுத்து, நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு, ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத தலைநகர்க் கம்பெனி 'குலப் பிரதிநிதி'யாக நிற்பது என்று விதவிதமான வேலைகள். குத்தகைகளை ரத்து செய்வோம் என்று பிரதமராயிருந்த பீட்டர் ஓ'நீல் அறிவித்தார். அறிவிப்பு வந்த வேகத்தில் புல்டோசர்கள் திரும்பிப் போகவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு குத்தகையாக நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது.

● நெடுங்காலம், வெட்டிய மரத்துக்குக் கன மீட்டருக்கு 10 கினா (அந்நாட்டு நாணயம்) என்பதே நில உடைமையாளருக்கான சட்டப்படியான ராயல்டி. வேறு சில தீர்வைகளும் சலுகைகளும் காகிதத்தில் உண்டு. அதே கன மீட்டர் மரம் 2010-களில் துறைமுகத்தில் சுமார் 200 டாலருக்குக் கைமாறியது. 10 கினா என்பது அன்றைய மதிப்பில் நாலைந்து டாலர்.

● காட்டுக்குள் 'உள்ளே வராதே' என்று பலகை வைக்கத் தேவையில்லை. பப்புவா நியூ கினியின் கிழக்கு நியூ பிரிட்டன் மாகாணத்திலும் அதை அடுத்த தீவுகளிலும் கோர்கோர் என்றொரு செடி இருக்கிறது, இஞ்சிக் குடும்பம். அதை ஒடித்து வழியில் நட்டாலோ கட்டினாலோ அந்த இடம் தடை செய்யப்பட்டதாகப் பொருள். ஊரார் யாரும் தாண்ட மாட்டார்கள். நம்மூரில் வேப்பிலை கட்டிய வாசலில் தயங்கி நிற்போமே, அதைவிட அழுத்தமான தடை. அம்மாகாணத்தின் போமியோ மாவட்டத்து மக்கள் மரக் கம்பெனியின் பாதையில் இதைத்தான் நட்டார்கள்.

● அந்தப் போமியோவின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பல்லாயிரம் ஹெக்டேர் குல நிலம் 99 ஆண்டுக் குத்தகையில் போய், மலேசியாவின் ரிம்புனான் ஹிஜாவ் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனியின் கைக்கு வந்தது. நாங்கள் சம்மதிக்கவே இல்லை என்றார்கள் கிராமத்தார். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்றது கம்பெனி. 2011-இல் சாலையை மறித்தவர்களைப் போலீசார் அடித்ததாகப் புகார் கிளம்பியது. எதிர்ப்பின் முகமாக இருந்தவர் பால் பாவோல். அவர் மீதும் மற்றவர்கள் மீதும் வேலைக்கு இடையூறு செய்யக் கூடாது என்று நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கப்பட்டது. தன் குலத்து நிலத்தில் இடையூறு செய்யக் கூடாது என்று ஒருவருக்கு உத்தரவு! 2016-இல் அலெக்சாண்டர் சோரோஸ் அறக்கட்டளை அவருக்கு விருது வழங்கியது.

இன்னொன்று. போமியோவின் மெங்கன் மக்களிடம் நில உரிமை தாய்வழி. யார் எந்தக் குலம் என்பதைத் தாயை வைத்தே சொல்வார்கள். பழைய கொல்லைகள், நட்ட பாக்கு, தென்னை, பழமரங்கள் இவைதான் அங்கே சர்வே எண். அந்த மரத்தை யார் நட்டார் என்று ஊர்க் கிழவி சொல்லிவிடுவாள். ஆனால் கம்பெனிக் காகிதத்தில் அவளுக்குக் கட்டம் கிடையாது.

● மரவியாபார ஊழல் அங்கே புதிதல்ல. 1987-இல் நீதிபதி தாமஸ் பார்னெட் தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. மரக் கம்பெனிகள் நாட்டுப்புறத்தில் கொள்ளைக்காரச் சீமான்களைப் போலத் திரிந்து, தலைவர்களுக்கு லஞ்சம் கொடுத்து, மரத்தின் விலையைக் குறைத்துக் காட்டி லாபத்தை வெளிநாட்டில் ஒளித்தன என்ற பொருளில் அவர் எழுதினார். விசாரணைக் காலத்தில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1991-இன் வனச் சட்டம்.

● அந்த அறிக்கை ஒரு கவர்னர் ஜெனரலின் பதவியையும் காவு வாங்கியது. முன்னாள் வனத்துறை அமைச்சர் டெட் டிரோ அப்போது துணைப் பிரதமர். தலைமை நெறிமுறை நடுவம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து, பதவி நீக்கப் பரிந்துரைத்தது. உத்தரவில் கையெழுத்திட கவர்னர் ஜெனரல் செரெய் எரி மறுத்தார். நாடே ஸ்தம்பித்த பிறகு, 1991 அக்டோபரில் எரியே பதவி விலகினார். இந்த எரி வேறு யாருமல்லர்; பப்புவா நியூ கினி எழுத்தாளர் ஒருவர் வெளியிட்ட முதல் நாவலை 1970-இல் எழுதியவர். அந்த நாவலின் பெயர் 'முதலை'.

● அந்நாட்டின் இரண்டு பெரிய நாளேடுகளில் ஒன்றான 'தி நேஷனல்' 1993-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ரிம்புனான் ஹிஜாவ் குழுமத்தார். காலையில் பேப்பர் படிக்கும் குலத் தலைவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

● ஓரோ மாகாணத்தில் காலிங்வுட் விரிகுடா. கரையோரம் மைசின் என்ற மக்கள். மூவாயிரம் பேர் அளவுக்கு இருக்கலாம். மரப்பட்டையை ஊறவைத்து, தட்டித் தட்டித் துணியாக்கி, சிவப்பும் கறுப்புமாகக் கோலம் வரைவார்கள். டாப்பா என்று பெயர். சில கோலங்கள் குலத்துக்கே உரியவை. மற்றவர் வரையக் கூடாது. மரக் கம்பெனிகள் ஆசை காட்டியபோது, பணம்தானே வேண்டும், டாப்பா விற்றுச் சம்பாதிக்கிறோம் என்றார்கள் மைசின்கள். 1995-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் அவர்களது டாப்பாவுக்குக் கண்காட்சியே நடந்தது.

அதற்குள் அவர்களுக்கே தெரியாமல் சுமார் 38,000 ஹெக்டேர் நிலத்துக்கு யாரோ குத்தகை பதிந்துவிட்டார்கள். வழக்குப் போட்டு 2002-இல் வென்றார்கள். பத்தாண்டு நிம்மதி. பிறகு அதே விரிகுடாவில், கிட்டத்தட்ட அதே அளவு நிலத்துக்கு, எண்ணெய்ப்பனைக்காக மறுபடி குத்தகை! இந்த முறை பின்னணியில் இருந்தது கோலாலம்பூர் கெப்போங் என்ற பெரிய மலேசியத் தோட்ட நிறுவனம். மறுபடி வழக்கு. 2014 மே மாதம் தேசிய நீதிமன்றம் குத்தகைகள் செல்லாது என்றது. இரண்டு தலைமுறை வக்கீல் செலவு, எதற்காக? யாரும் விற்காத நிலம் தங்களுடையதுதான் என்று நிரூபிப்பதற்காக.

● கியுங்கா முதல் அயம்பாக் வரை சாலை போடுகிறோம் என்று 1990-களில் வந்தது கன்கார்ட் பசிபிக் என்ற நிறுவனம். சாலைக்காக என்று வெட்டிய மரம் மலைமலையாகப் போயிற்று. நிலக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2011-இல் தேசிய நீதிமன்றம் விதித்த இழப்பீடு 22.55 கோடி கினா. மழைக்காட்டு வழக்குகளில் இவ்வளவு பெரிய தொகையை அந்நாட்டு நீதிமன்றம் அதற்கு முன் விதித்ததில்லை.

● குலம் என்பதைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகப் பதிவு செய்ய 1974-லேயே சட்டம் போட்டது பப்புவா நியூ கினி. உலகுக்கே முன்மாதிரி என்றார்கள். குறையும் இருந்தது. யார் வேண்டுமானாலும் பத்துப் பெயரை எழுதி 'இதுதான் குலம்' என்று பதிவு செய்துவிட்டார்கள். அதைத் தடுக்க 2009-இல் திருத்தம் வந்தது: உறுப்பினர் பட்டியலோடு பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். நாள் கணக்கில் நடந்தால்தான் அரசு அலுவலகம் என்ற ஊர்களில், பிறந்ததற்குச் சாட்சி ஊரே தவிர காகிதமில்லை. மோசடிக்காரனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிட்டது.

● அதே ஓரோ மாகாணத்து மேட்டுநிலம் மானகலாஸ். உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாண்ட்ரா ராணிப் பூச்சி பறக்கும் பகுதி. எங்கள் காட்டில் வெட்டும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம் என்று குலங்கள் 1985-இல் பேச ஆரம்பித்தன. சுமார் 3,60,000 ஹெக்டேரைப் பாதுகாப்புப் பகுதியாக அரசு அறிவித்தது 2017 நவம்பரில். பேச்சு முடிய 32 வருஷம்.

● சாலமன் தீவுகளின் டெடிபாரேயில் ஒரு குடிகூடக் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் வெளியேறிப் பக்கத்துத் தீவுகளில் குடியேறிவிட்டார்கள். ஆளில்லாத தீவு என்றால் மரக் கம்பெனிக்கு எவ்வளவு வசதி! ஆனால் வெளியேறியவர்களின் வாரிசுகள் வம்சாவளியை நினைவிலிருந்து கோத்து, 2002-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். சுமார் 120 சதுர கிலோமீட்டர் தீவில் ஒரு மரம்கூட ஏற்றுமதிக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் முடிவு. தென் பசிபிக்கில் ஆளில்லாத் தீவுகளில் பெரியது இதுதான்.

● நியூ கினித் தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவிடம் இருக்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் சட்டமும் மாறிவிடும்: அங்கே வழக்காற்றுக் காடுகளும் அரசுக் காடு என்றே நெடுங்காலம் எழுதியிருந்தது. 2013-இல் இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. தீர்ப்பு வந்ததே தவிர, ஒவ்வொரு சமூகமும் தனித்தனியாகப் போய் அங்கீகாரம் வாங்க வேண்டும். தெற்கே போவென் டிகோல் பகுதியின் அவ்யு மக்கள், பனைத் தோட்டத்துக்கு எதிராக ஜகார்த்தாவின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2024 மே மாதம் சடங்கு உடையோடு நீதிமன்ற வாசலில் பிரார்த்தித்தார்கள். உலகம் முழுவதும் சமூக ஊடகங்களில் படங்கள் சுற்றின. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

● பப்புவா நியூ கினியில் இறங்கிய பெரிய மரக் கம்பெனிகள் பலவற்றின் சொந்த ஊர் போர்னியோவில் உள்ள சரவாக். அங்கே அவை வெட்டிய மரத்தில் நமக்கும் பங்குண்டு. 2010-களில் சரவாக்கின் உருட்டு மரத்தை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. தூத்துக்குடி துறைமுகத்தில் மலைபோல் அடுக்கிக் கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிப்போவில் 'மலேசியன் சால் இருக்கா?' என்று கேட்டு நிலைக்கும் ஜன்னலுக்கும் வாங்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ.

● சரவாக் நிலச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. பூர்வகுடிக்கு நில உரிமை எப்படிப் பிறக்கும்? 1958 ஜனவரி 1-க்கு முன்னால் கன்னிக்காட்டை வெட்டித் திருத்தியிருக்க வேண்டும். அல்லது பழமரம் நட்டிருக்க வேண்டும். அல்லது இடுகாடு இருக்க வேண்டும். இதன்படி காட்டை வெட்டி நெல் விதைத்த இபான் இனத்தவருக்கு உரிமை உண்டு. சவ்வரிசிப் பனையையும் காட்டுப்பன்றியையும் நம்பி, காட்டை வெட்டாமலே நாடோடியாக வாழ்ந்த பெனான் இனத்தவருக்குக் கையில் ஒன்றுமில்லை. வெட்டாததுதான் அவர்கள் செய்த குற்றம். அதே காட்டை வெட்ட உரிமம் கொடுத்தவர்களுக்கு இதில் முரண் தெரிந்ததாகத் தெரியவில்லை.

● 1987 மார்ச்சில் பெனான்கள் பாரம், லிம்பாங் ஆற்றுப் பகுதிகளில் மர லாரிப் பாதைகளை மறித்தார்கள். கம்பு, பிரம்பு, நடுவில் குந்தியிருக்கும் மனிதர்கள்: ஆயுதம் இவ்வளவுதான். மாதக்கணக்கில் லாரிகள் நின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் சரவாக் அரசு வனச் சட்டத்தைத் திருத்தி, மரப் பாதையை மறித்தால் 2 ஆண்டு சிறை, 6,000 ரிங்கிட் அபராதம் என்றது.

● பிந்துலு பக்கம் ருமா நோர் என்ற இபான் நீளவீடு. காகிதக்கூழ்க் கம்பெனி தங்கள் காட்டை அழிப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஊரார் தாங்களே அளந்து தயாரித்த வரைபடம் முக்கியச் சாட்சியாயிற்று. 2001 மே மாதம் நீதிபதி இயன் சின் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். வயலாக மாறிய நிலத்தோடு வேட்டைக்கும் மருந்துக்கும் விட்டுவைத்த காடும் அவர்களுடையதே என்றார். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? அதே 2001-இல், உரிமம் பெறாத சர்வேயர் குல நிலத்தை அளந்து படம் வரைவது குற்றம் என்று சரவாக் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டுவிட்டது. மேல்முறையீட்டில் 2005-இல் அந்த ஊருக்கு ஆதாரம் போதவில்லை என்று தீர்ப்பு மாறியது. கொள்கை மட்டும் நின்றது. அதையும் 2016-இல் மலேசியாவின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் வீழ்த்தியது. 2018-இல் சட்டத் திருத்தம் வந்து, காட்டுக்கும் உரிமை உண்டு, ஆனால் உச்சவரம்போடு என்றானது.

● படம் வரையாதே என்றால் விடுவார்களா? பதினைந்து வருஷம் காடு காடாக நடந்து, அறுபதுக்கு மேற்பட்ட பெனான் கிராமங்கள் தங்கள் பகுதியை வரைந்து 2017-இல் வெளியிட்டன. ஆயிரக்கணக்கான ஆறு, ஓடைகளுக்குப் பெயர். அம்பு நஞ்சு எடுக்கும் மரங்கள் நிற்கும் இடம்கூட அதில் இருக்கிறது.

● பாரம் ஆற்றில் 1,200 மெகாவாட் அணை கட்டத் திட்டமிட்டபோது, மூழ்கவிருந்த ஊர்களைச் சேர்ந்த கயான், கென்யாஹ், பெனான் மக்கள் 2013 அக்டோபரில் பாதையை மறித்துக் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். முறைவைத்து, ஊருக்கு ஊர் மாற்றி, இரண்டு வருஷத்துக்கு மேல். முதலமைச்சர் அடெனான் சாதெம் திட்டத்தைக் கைவிட்டார். கையகப்படுத்திய நிலத்துக்கான அரசாணையும் 2016-இல் ரத்தானது.

● பாரம் என்றதும் ஹாரிசன் ஙாவ் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. கயான் இனத்தவர். 1987 மறியல்களுக்குத் துணை நின்றதால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 60 நாள் உள்ளே இருந்தார். 1990-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது வென்றவர்களில் அவரும் ஒருவர். விருதுப் பணத்தை என்ன செய்தார்? அதே ஆண்டு வந்த பொதுத்தேர்தலில் பாரம் தொகுதியில் சுயேச்சையாக நின்று செலவழித்தார். எதிரணியில் மர உரிமங்களோடு கைகோத்த ஆளுங்கூட்டணி. ஜெயித்தது ஙாவ். பிறகு சட்டம் படித்து, மீரியில் வக்கீலாக உட்கார்ந்து, நில வழக்குகளை எடுத்து நடத்தினார்.